மாத்திரையா, மூலிகையா? எடைபோட்டுப் பார்ப்போம்

நெசவும் உழவும் உடலை வருத்தும் தொழில்கள். குழித்தறியில் அமர்ந்து நாளெல்லாம் மிதிக்கும் நெசவாளருக்கு இடுப்பும் முழங்காலும் நோவதும், குனிந்து களையெடுக்கும் உழவருக்கு முதுகு பிடிப்பதும் புதுமையன்று. அந்நோவுக்கு எதை உட்கொள்வது என்பதில்தான் நம்மவர் இரு கட்சியாக நிற்கின்றனர். ‘இங்கிலீஷ் மருந்து சூடு, மூலிகையே தீங்கற்றது’ என்பர் ஒரு சாரார். ‘மாத்திரை போட்டால் மறுநாளே தறியில் உட்காரலாம்’ என்பர் மற்றொரு சாரார். இரு சாராரும் செய்யும் பிழை ஒன்றே.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நெசவாளர் சங்கத்தின் கணக்கைப் பார்வையிட்டபோது, என்றும் தவணை தவறாத அங்கத்தினர் ஒருவர் பெயரில் ஓராண்டாகப் பாக்கி நின்றது. விசாரித்தேன். சர்க்கரை நோயுள்ள அவர், கடையில் கேட்டு வாங்கிய வலி மாத்திரையைப் பல ஆண்டுகளாக அன்றாடம் விழுங்கி வந்திருக்கிறார். இரண்டும் சேர்ந்து சிறுநீரகங்களைப் பழுதாக்கிவிட்டன என்றனராம் மருத்துவர்கள். வாரத்தில் இருமுறை இரத்தச் சுத்திகரிப்பு. தறியோ ஓய்ந்து கிடந்தது.

டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகள் இரைப்பையில் புண்ணும் இரத்தக் கசிவும் உண்டாக்கவல்லவை. சிறுநீரகத்துக்குச் செல்லும் இரத்தத்தைக் குறைக்கவும் வல்லவை. நீரிழிவு, இரத்த அழுத்தம், முதுமை உடையோர்க்கு அபாயம் மிகுதி. மருத்துவரின் சீட்டின்றி இவற்றை விற்றல் கூடாதெனச் சட்டம் விதித்திருப்பது இதனாலேயே.

அப்படியாயின் மூலிகையே கதி என முடிவு கட்டலாமா? மூலனூர், தாராபுரம், ஒட்டன்சத்திரம் வட்டாரங்களில் நம் விவசாயிகள் பயிரிடும் கண்வலிக் கிழங்கை எண்ணிப் பாருங்கள். அதன் விதையிலிருந்து எடுக்கப்படும் கால்சிசின், கீல்வாதத்தின் ஒரு வகைக்குச் சிறந்த மருந்து. ஒரு மாத்திரையில் இருப்பதோ அரை மில்லிகிராம் அளவே. அதே செடியின் கிழங்கை வள்ளிக்கிழங்கெனக் கருதித் தின்றோர், வாந்தியும் பேதியும் கண்டு மாண்டதுண்டு. மருந்தும் நஞ்சும் ஒரே கொடியில் விளைகின்றன. அளவே அவற்றைப் பிரிக்கிறது.

ஈசுவரமூலியும் ஆடுதீண்டாப்பாளையும் நம் வேலியோரத்துச் செடிகள். அவற்றின் இனத்தைச் சேர்ந்த சீன மூலிகை ஒன்று கலந்த மருந்தை உடல் மெலிவதற்காக உட்கொண்ட பெல்ஜியம் நாட்டுப் பெண்கள் பலர் சிறுநீரகத்தை இழந்தனர். 1993ல் இச்செய்தி வெளியாயிற்று. அவ்வினச் செடிகளிலுள்ள அமிலம் புற்றுநோய் விளைவிப்பது என்பதும் இன்று ஐயமற நிறுவப்பட்டுள்ளது.

ஆலை மருந்தும் அவ்வாறே தவறியதுண்டு. 1957ல் மேற்கு ஜெர்மனியில் விற்பனைக்கு வந்த தாலிடோமைடு, கருவுற்ற தாய்மாருக்கும் தீங்கற்றதெனப் புகழப்பட்டது. 1961ல் அது திரும்பப் பெறப்படுவதற்குள் பல்லாயிரம் குழந்தைகள் கைகால் குறைந்து பிறந்தன. அந்தத் துயரத்தின் பயனாகவே, விற்பனைக்கு முன் மருந்தைச் சோதிக்கும் விதிகள் பல நாடுகளில் இறுகின.

ஆகவே, ‘இயற்கையா, செயற்கையா?’ என்பதன்று கேள்வி. சங்கத்தில் நூலை எடை போடாமல் வாங்குவோமா? மருந்துக்கும் அந்த முறையே வேண்டும். எவ்வளவு, எத்தனை நாள், எந்த நோய்க்கு, யார் பொறுப்பில் என்ற நான்கையும் கேட்போம். விடை கிடைக்காத மருந்து, புட்டியில் வந்தாலும் பொட்டலத்தில் வந்தாலும் வேண்டாம்.

மருத்துவரிடம் செல்கையில், உண்ணும் மாத்திரையோடு குடிக்கும் கஷாயத்தையும் மறைக்காமல் கூறுங்கள். ஒன்று மற்றொன்றின் வேகத்தைக் கூட்டவோ குறைக்கவோ கூடும். சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் உண்ணும் மாத்திரையை, பிறர் சொல்கேட்டுத் திடீரென நிறுத்தாதீர்கள். சித்த மருந்தாயின், பதிவு பெற்ற சித்த மருத்துவரிடமே பெறுங்கள். வலி நீடித்தால் மாத்திரையைக் கூட்டுவதற்கு முன், தறியில் அமரும் முறையை மாற்றிப் பாருங்கள்; இடையிடையே எழுந்து நடங்கள்.

கடன் பாக்கிக்குத் தவணை நீட்டிக்கலாம். பழுதுற்ற சிறுநீரகத்துக்குத் தவணை தர எந்தச் சங்கத்தாலும் இயலாது.