கலயமும் சுண்ணாம்பும்

சங்க நூலாகிய சிறுபாணாற்றுப்படையின் பாட்டுடைத் தலைவனாகிய நல்லியக்கோடன் ஆண்ட ஓய்மா நாடு, இன்றைய திண்டிவனத்தையும் அதன் சுற்றுப்புறத்தையும் தழுவியது. அவனுடைய கிடங்கில் என்னும் ஊர் திண்டிவனத்துக்குள்ளேயே அடங்கிவிட்டது. பாணர்கள் எயிற்பட்டினத்துக் கடற்கரையை அடைந்தால், நுளையர் மகளிர் அரித்த தேறல் என்னும் பழைய மதுவைப் பரதவர் கொடுத்து உபசரிப்பார்கள் என்று அந்நூல் வழி சொல்கிறது. ஆகவே, மரக்காணத்திலிருந்து விக்கிரவாண்டி வரை பனைகள் வரிசையாக நிற்கும் இப்பிரதேசத்தில் மதுவின் சரித்திரம் நேற்றுத் தொடங்கியதன்று.

பார்லியிலிருந்து பீர் செய்யும் ஐரோப்பியன், தானியத்தை நனைத்து முளைகட்டி, அதிலுள்ள மாவுப்பொருளைச் சர்க்கரையாக மாற்றிய பிறகே நொதிக்க வைக்க முடியும். பனையேறிக்கு அந்தச் சிரமம் இல்லை. நூற்றுக்குப் பத்துப் பன்னிரண்டு பங்கு சர்க்கரையோடு மரமே சாற்றைத் தந்துவிடுகிறது. ஆனால் அது தானாகத் தருவதன்று. தை, மாசியில் பாளை வெளிவந்ததும், அதைக் கடிப்பு என்னும் கருவியால் இடுக்கி நசுக்கி, சில நாட்கள் பதப்படுத்தி, நுனியைக் கூரிய அரிவாளால் மெல்லிய தகடாகச் சீவி, அடியில் கலயம் கட்ட வேண்டும். பூவுக்கும் காய்க்கும் போகவேண்டிய இனிப்பு அந்த வெட்டுவாயில் துளித்துளியாகச் சொட்டும். காயம் ஆறிவிட்டால் ஊற்று அடைபடும் என்பதால் காலையும் மாலையும் ஏறிச் சீவியாக வேண்டும். ஒருவன் ஒரு நாளில் முப்பது நாற்பது மரம் ஏறி இறங்குவதென்றால், அதை எளிய பிழைப்பென்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

சொட்டிய சாறு கலயத்தில் விழுந்த கணமே அதற்கு விருந்தினர் வந்துவிடுகிறார்கள். காற்றிலும், தேனீக்களின் காலிலும், முந்தைய நாள் மண்டி படிந்த மண்பாண்டத்தின் நுண்துளைகளிலும் காத்திருக்கும் ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர்கள், சர்க்கரையைச் சாராயச்சத்தாகவும் கரியமில வாயுவாகவும் பிளக்கின்றன. நுரை பொங்குவது அந்த வாயுவினால்தான். மாலைக்குள் அது நூற்றுக்கு நான்கைந்து பங்கு போதைச்சத்துள்ள கள்; மறுநாள் பாக்டீரியாக்கள் புகுந்து அதைக் காடியாக்கிவிடும்.

இதைத் தடுக்க நம் முன்னோர் கண்ட உபாயம், கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு பூசுவது. சுண்ணாம்பு சாற்றைக் காரத்தன்மையுடையதாக்குவதால் ஈஸ்ட் பெருக இயலாது போகிறது. இனிப்பு இனிப்பாகவே நின்று பதநீராகிறது. ஒரே மரம், ஒரே பாளை. சுண்ணாம்பு பூசினால் பானம், பூசாவிட்டால் மது. கள்ளைப் பொறுத்தவரை மனிதனுடைய கைத்திறன் அதை ஆக்குவதில் இல்லை, ஆகாமல் நிறுத்துவதில் இருக்கிறது.

அரசாங்கமும் தன் சட்டத்தை இந்தச் சுண்ணாம்பின்மீதே நிறுவியது. ஆங்கிலேயர் காலத்து ஆப்காரி என்னும் மதுவரி நிர்வாகம், சுண்ணாம்பு பூசாமல் கள் இறக்கும் மரத்துக்கு வரி விதித்து வருமானம் பார்த்தது. 1937 அக்டோபர் 1 முதல் சேலம் ஜில்லாவில் ராஜாஜி மதுவிலக்கைக் கொண்டுவந்தார். அதை 1948 அக்டோபர் 2 அன்று சென்னை மாகாணம் முழுவதும் நிறைவு செய்த மாகாணப் பிரதமர், திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூரில் பிறந்த ராமசாமி ரெட்டியார். பனைக்காட்டு விவசாயி ஒருவரே பனையின் மதுவுக்குத் தடை போட்டதும், அதே சமயம் கூப்பிடு தூரத்திலிருந்த பிரெஞ்சுப் புதுச்சேரியில் கடைகள் திறந்தே கிடந்ததும் விசித்திரந்தான். பின்னர் 1971-இல் கடைகள் திறந்தன. சில ஆண்டுகளில் மூடப்பட்டு, 1981-இல் மீண்டும் திறந்து, 1987 ஜனவரி முதல் கள் நின்றுபோயிற்று. சீமைச் சரக்கை அரசே விற்கும் நாட்டில் பாளைக் கள் குற்றமாயிருப்பது நியாயமா என்ற கேள்வி, 2025 ஜனவரியில் விக்கிரவாண்டி அருகே பூரிகுடிசையில் கள் விடுதலை மாநாடு கூடும் அளவுக்கு வலுத்திருக்கிறது.

இந்த விவாதத்தில் கள்ளையும் விஷச்சாராயத்தையும் ஒன்றாகப் பேசுவது பிழை. 2023 மே மாதம் மரக்காணம் எக்கியார்குப்பத்தில் உயிர்களைக் குடித்தது, தொழிற்சாலைக் கரைப்பானாகிய மெத்தனால். பாளைச்சாறு நொதிக்கும்போது அந்த விஷம் அபாயமான அளவில் உண்டாவதில்லை. அதற்காகக் கள் குடும்பத்தைக் கெடுக்காது என்று நான் வாதிக்கவில்லை. அந்த அனுபவம் இந்த ஊர்களுக்கு நிறையவே உண்டு.

இப்போது பனையேறிகள் சட்டத்துக்கு உட்பட்டு இறக்குவது பதநீர். சுண்ணாம்பு குறைந்தால் அதுவும் வெயிலேற ஏறப் புளித்துவிடும்; கூடினால் நாக்கைச் சுடும். ஆகையால்தான் விடிந்ததும் இறக்கியதைக் காலைக்குள்ளேயே விற்றுவிடுகிறார்கள். மீந்தது வெல்லம் காய்ச்ச அடுப்புக்குப் போகிறது.