காலேஜ் மாறச் சொல்லும் கோச்கள்: அமெரிக்க ஃபுட்பாலில் ஓயாத சர்ச்சை, பின்னணி என்ன?

2022 டிசம்பர். அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழக ஃபுட்பால் டீமுக்குப் புதிய தலைமை கோச்சாக வந்த டியான் சாண்டர்ஸ், முதல் மீட்டிங்கிலேயே விஷயத்தைப் போட்டு உடைத்தார். என் ஆட்கள் கூடவே வர்றாங்க, நீங்க டிரான்ஸ்ஃபர் போர்ட்டலுக்குப் போங்க, எத்தனை பேர் போறீங்களோ அத்தனை இடம் காலியாகும். அவர் சொன்னதன் சாரம் இதுதான். வீடியோ வைரலானது. அடுத்த சில மாதங்களில் 50-க்கும் மேற்பட்ட வீரர்கள் டீமை விட்டு வெளியேறினார்கள்.

இது நமக்குத் தெரிந்த கால்பந்து இல்லை. ஹெல்மெட் மாட்டிக்கொண்டு, முட்டை வடிவப் பந்தைக் கையில் பிடித்து ஓடும் அமெரிக்கன் ஃபுட்பால்.

டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் என்றால் என்ன?

கல்லூரி விளையாட்டை நிர்வகிக்கும் என்சிஏஏ அமைப்பு 2018 அக்டோபரில் தொடங்கிய ஆன்லைன் பட்டியல் இது. வேறு கல்லூரிக்கு மாற நினைக்கும் வீரரின் பெயர் இதில் ஏறிவிட்டால், மற்ற கல்லூரி கோச்கள் அவரிடம் நேரடியாகப் பேசலாம்.

அதற்கு முன்பெல்லாம் பெரிய டீம்களுக்கு இடையே மாறும் வீரர், பொதுவாக ஒரு சீசன் ஆடாமல் உட்கார வேண்டும். கோச்சுக்கு அப்படி எந்தத் தடையும் இல்லை, இன்று இங்கே, நாளை அங்கே. இந்த அநியாயம் 2021-ல் தளர்ந்தது, ஒரு முறை தடையின்றி மாறலாம் என்றார்கள். 2024 முதல், படிப்பில் தகுதி இருந்தால் எத்தனை முறை வேண்டுமானாலும் மாறலாம். வீரர்களுக்காகத் திறந்த கதவு இது. இப்போது அதே கதவு வழியாகத்தான் அவர்களை வெளியே தள்ளுகிறார்கள் என்பது புகார்.

சரி, போகச் சொன்னால் என்ன தப்பு?

சிக்கல் ஸ்காலர்ஷிப்பில் இருக்கிறது. பெரிய கல்லூரிகள் பலவற்றில், சரியாக ஆடவில்லை என்பதற்காக மட்டும் ஒரு வீரரின் உதவித்தொகையை நிறுத்த முடியாது என்று 2015-ல் விதி வந்தது. ஆனால் வீரரே போர்ட்டலில் பெயர் கொடுத்துவிட்டால், அந்தப் பருவம் முடிந்ததும் பழைய கல்லூரி பணத்தை நிறுத்திக்கொள்ளலாம். அதாவது கல்லூரி நீக்கினால் பொறுப்பு கல்லூரிக்கு. மாணவரே 'விரும்பி' போனால் அந்தப் பொறுப்பு இல்லை. அதனால்தான் கோச் ரூமுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு நடக்கும் அந்தப் பத்து நிமிடப் பேச்சுக்கு இவ்வளவு எடை.

எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு வயது 19, 20 இருக்கும். யாரை ஆட வைப்பது என்று முடிவெடுப்பவரே "உனக்கு இங்க சான்ஸ் இல்ல" என்றால், அது யோசனையா, உத்தரவா? போர்ட்டலில் குதித்த எல்லோருக்கும் புது டீம் கிடைப்பதும் இல்லை. கிடைத்தாலும், முடித்த பாடங்களில் சிலவற்றைப் புதிய கல்லூரி ஏற்காமல் போகலாம். பட்டம் தள்ளிப்போகும்.

கோச்கள் தரப்பு என்ன சொல்கிறது?

ஆட வாய்ப்பே இல்லாத பையனை நான்கு வருடம் பெஞ்சில் வைத்து நம்பிக்கை காட்டுவதுதான் பெரிய ஏமாற்று என்பது அவர்கள் வாதம். அதில் உண்மை இல்லாமல் இல்லை. சாண்டர்ஸாவது எல்லோர் முன்னாலும், கேமராவுக்கு எதிரிலேயே சொன்னார். அவர் வந்தபோது கொலராடோ 12 ஆட்டங்களில் ஒன்றில் மட்டுமே ஜெயித்திருந்தது. 2023-ல் 4 வெற்றி, 2024-ல் 9. கல்லூரி அவருக்குக் கொடுத்த ஒப்பந்தம் 5 வருடத்துக்கு 2.95 கோடி டாலர், ஜெயிக்கத்தான் அவ்வளவு பணம்.

ஆனால் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழக கோச் பேட் நார்டுஸி போன்றவர்கள் இதை வெளிப்படையாகவே விமர்சித்தார்கள். பழைய கோச்சை நம்பி வந்த மாணவர்களையும் சேர்த்துத்தானே புது கோச் பொறுப்பேற்கிறார் என்பது இந்தத் தரப்பின் கேள்வி.

இப்போது நிலைமை என்ன?

வீரர்களுக்குக் கல்லூரிகளே நேரடியாகப் பணம் தர வழிவிட்ட ஹவுஸ் வழக்கு சமரசத்தில், ஃபுட்பால் டீமுக்கு 105 பேர் என்ற உச்சவரம்பும் சேர்ந்தே வந்தது. ஸ்காலர்ஷிப் இல்லாமல் டீமில் இருந்த பலருக்கு இது இடியாக இறங்கியது. ஒப்புதல் வரும் முன்பே பல கல்லூரிகள் ஆட்களைக் குறைக்கத் தொடங்கியிருந்தன. இடம் இழப்பவர்களுக்குப் பாதுகாப்பு இல்லாமல் ஒப்புதல் தர முடியாது என்று நீதிபதி கிளாடியா வில்கன் 2025 ஏப்ரலில் பிடிவாதமாக நின்றார். அதன்பின் அவர்களை அந்த 105 கணக்கில் சேர்க்க வேண்டாம் என்று திருத்தினார்கள். ஜூன் 6-ல் ஒப்புதல் கிடைத்தது.

ஆனால் அவர்களைத் திரும்பச் சேர்த்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் அதில் இல்லை. சேர்ப்பதும் விடுவதும் கல்லூரியின் விருப்பம்.