மாறுகண்: டார்ச்சும் எம்.ஆர்.ஐ.யும்

1839-இல் பெர்லினில் யோஹான் டீஃபென்பாக் ஏழு வயதுச் சிறுவன் ஒருவனின் மாறுகண்ணைத் திருத்த, மூக்குப் பக்கத்துக் கண்தசையை அறுத்துவிட்டார். ஈதர் மயக்கம் வரவே இன்னும் ஏழு ஆண்டுகள் இருந்தன. கண்குழிக்குள் தசை எந்த வழியாக ஓடுகிறது என்று உயிரோடிருப்பவரிடம் அன்று பார்க்க முடியாது. பிணத்தை அறுத்துக் கற்றதுதான் கையிருப்பு. குழியின் ஆழத்திலிருந்து விழிக்கு நேராகக் கட்டிய கயிறுகள் என்றே தசைகளை வெகுகாலம் நினைத்திருந்தார்கள்.

1970-களில் சி.டி. ஸ்கேன் வந்தது. தைராய்டு நோயில் வீங்கிய தசையும், முகத்தில் அடிபட்டு உடைந்த எலும்பிடுக்கில் சிக்கிய தசையும் கத்தி வைக்குமுன்பே தெரிந்தன. ஆனால் கயிற்றுக் கணக்கைக் கலைத்தது எம்.ஆர்.ஐ.தான். 1989-இல் ஜோயல் மில்லர் எடுத்த படங்களில், விழி திரும்பியும் தசையின் பின்பகுதி இடம் விலகவில்லை. 1995-இல் லாஸ் ஏஞ்சலிஸில் ஜோசப் டீமர் குழுவினர் காரணத்தைக் காட்டினார்கள். ஒவ்வொரு நேர்த்தசையும் ஓர் இணைப்புத்திசு வளையத்துக்குள் நுழைந்தே விழிக்குப் போகிறது, கிணற்றுக் கயிறு கப்பியில் ஏறுவதுபோல. கப்பி இடம் மாறினால், தசையில் பழுதே இல்லாமலும் கண் விலகும்.

இது ஏட்டோடு நிற்கவில்லை. கடுமையான கிட்டப்பார்வையில் நீண்டுபோன விழி, மேல்தசைக்கும் வெளித்தசைக்கும் நடுவே பிதுங்குவதைப் படம் காட்டியது. மூக்குப் பக்கத் தசையைத் தளர்த்தினால் மட்டும் இது அடங்காது. ஜப்பானில் யோகோயாமா அந்த இரண்டு தசைகளையும் சேர்த்துக் கட்டினார். முதுமையில் வளையங்களைப் பிணைக்கும் பட்டை நைந்து, தூரத்துப் பொருள் மட்டும் இரண்டாகத் தெரிவதும் இப்படித்தான் புரிந்தது. இன்று தேர்ந்த மருத்துவர் தொங்கிய இமையையும் அதன்மேல் விழுந்த பள்ளத்தையும் பார்த்தே அதை ஊகித்துவிடுகிறார்.

குழந்தைகள் விஷயத்தில் பெரிதாக எதுவும் மாறவில்லை என்பேன். "ஸ்கேன் எடுக்க வேண்டாமா டாக்டர்?" என்று பெற்றோர் கேட்கிறார்கள். பெரும்பாலான குழந்தைகளுக்கு வேண்டாம். டார்ச், ஒரு கண்ணை மூடி மற்றதைப் பார்க்கும் சோதனை, முப்பட்டகம் இவையே போதும், கைக்குழந்தையை எம்.ஆர்.ஐ.க்குள் அசையாமல் கிடத்த மயக்க மருந்து வேறு தேவைப்படும். மாறுகண் அதிர்ஷ்டம் என்று வீட்டுப் பெரியவர்கள் தள்ளிப்போடும் மாதங்கள்தான் பார்வைக்குக் கேடு. ஆனால் நேற்றுவரை நேராக இருந்த கண் திடீரென விலகி, தலைவலியும் வாந்தியும் சேர்ந்துகொண்டால், டார்ச்சோடு நிறுத்தாமல் உடனே மூளையைப் படமெடுக்கிறார்கள்.