இதயத்தில் ஓட்டை உள்ள குழந்தைக்குக் காய்ச்சலா?

செங்கம், போளூர், ஜவ்வாது மலைப் பக்கமிருந்து திருவண்ணாமலைக்கு வரும் பெற்றோர் கையில் ஒரு மஞ்சள் பை. உள்ளே பாதி தீர்ந்த ஆன்டிபயாட்டிக் அட்டைகள். "காய்ச்சல் விட்டு விட்டு வருது டாக்டர், மாத்திரை குடுத்தா நிக்குது." பழைய நோட்டைப் புரட்டினால், பிறந்தபோதே 'இதயத்தில் ஓட்டை' என்று எழுதியிருக்கும். அதைக் கடைசியில்தான் சொல்வார்கள்.

ஏன் பயம்?

ஓட்டை வழியே ரத்தம் பீய்ச்சியடிக்கும் இடத்தில் கிருமி எளிதாக ஒட்டிக்கொள்ளும். இதுதான் எண்டோகார்டைட்டிஸ். வால்வு கிழியலாம், கிருமிக்கட்டி பிய்ந்து மூளைக்குப் போனால் பக்கவாதம் வரலாம்.

விட வேண்டிய நம்பிக்கைகள்

"மாத்திரை நிறுத்திவிடுகிறதே": நிற்பது காய்ச்சல்தான், கிருமி அல்ல. அரைகுறை மாத்திரைக்குப் பின் ரத்தம் எடுத்தால், கிருமி இருந்தும் சோதனையில் தெரியாமல் போகலாம். எந்த ஊசி போடுவது என்று நாங்கள் தடுமாற வேண்டும். பென்சிலினுக்கு முன் இந்த நோயில் பிழைத்தவர்கள் அபூர்வம். அப்பேர்ப்பட்ட மருந்தையா மிட்டாய்போல வாங்கிக் கொடுப்பது?

"பால் பல்தானே, விழுந்துவிடும்": சொத்தைப் பல்லும் சீழ் பிடித்த ஈறும் கிருமிக்குத் திறந்த வாசல்.

"தொக்கம் எடுத்தால் போதும்": தொக்கமும் வேண்டுதலும் சிகிச்சைக்கு மாற்றல்ல. கரும்புத் தொட்டில் வேண்டுதலை நிறைவேற்றுங்கள், யார் தடுத்தார்கள்? காய்ச்சல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு 14 கிலோமீட்டர் கிரிவலம் மட்டும் வேண்டாம்.

"ஓட்டை தானாக மூடும்": சிறிய ஓட்டைகள் பல மூடும். உங்கள் குழந்தையுடையது மூடுமா என்பதை எக்கோ (இதய ஸ்கேன்) பார்த்துத்தான் சொல்ல முடியும்.

"ஆபரேஷன் ஆகிவிட்டது, இனி கவலையில்லை": ஒட்டு வைத்து அடைத்திருந்தால் முதல் 6 மாதம் பல் பிடுங்கும் முன் தடுப்பு மருந்து தேவை. செயற்கை வால்வு வைத்தவர்களுக்கும், ஒருமுறை இந்தத் தொற்று வந்தவர்களுக்கும் வாழ்நாள் முழுக்க.

பரிசோதனை

ரத்தத்தில் கிருமி இருக்கிறதா என்று பார்க்க பிளட் கல்ச்சர், இதயத்தைப் பார்க்க எக்கோ.

ஆபரேஷன் எப்போது?

பெரும்பாலும் முதலில் 4 முதல் 6 வாரம் நரம்பில் ஆன்டிபயாட்டிக் ஊசி. தொற்று அடங்கிய பின் ஓட்டை அடைப்பு. வால்வு கெட்டு இதயம் திணறினால் அத்தனை நாள் காத்திருக்க முடியாது. தொற்று இருக்கும்போதே திறக்க வேண்டும். செலவை நினைத்துத் தள்ளிப்போடாதீர்கள்; முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் குழந்தைகளுக்கான இதய ஆபரேஷன் உண்டு.

கெஞ்சிக் கேட்கிறேன்

காலையும் இரவும் பல் துலக்கிவிடுங்கள். காது குத்துமுன் ஒரு வார்த்தை கேளுங்கள். அங்கன்வாடிக்கு வரும் டாக்டர் எழுதிக்கொடுத்த சீட்டை அலமாரியில் வைக்காதீர்கள். காய்ச்சல் என்றால் மெடிக்கல் ஷாப் வேண்டாம். நேரே ஆஸ்பத்திரிக்கு வாருங்கள். வந்ததும் முதல் வார்த்தையாக, "பிள்ளைக்கு இதயத்தில் ஓட்டை இருக்கு" என்று சொல்லுங்கள்.