'ஐயத்திற்குரிய': ஓர் ஆங்கிலப் பெயரடையின் தமிழாக்கமும் கூரம் செப்பேடும்

காஞ்சிபுரத்தை அடுத்த கூரத்தில் கிடைத்த பல்லவன் முதலாம் பரமேசுவரவர்மனின் செப்பேடுகளை ஹுல்ஷ், தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதியில் (1890) பதிப்பித்தார். வடமொழிப் பகுதியும் தமிழ்ப் பகுதியும் கொண்ட அவ்வேடுகள் சிதைவுற்றவை. இத்தகைய ஏடுகளில் தெளிவாகப் புலப்படாத எழுத்தைக் கல்வெட்டறிஞர் ஆங்கிலத்தில் 'டவுட்ஃபுல்' என்பர். இதனை 'ஐயத்திற்குரியது' என்றோ 'சந்தேகத்திற்குரியது' என்றோ தமிழில் பெயர்க்கும்போது, எழுத்தைப் பற்றிய குறிப்பு ஆவணத்தின் மீதான பழியாக மாறிவிட வாய்ப்புண்டு. அவ்விடரை இக்கட்டுரை ஆராய்கிறது.

'டவுட்ஃபுல்', 'டியூபியஸ்' ஆகிய இரண்டும் இலத்தீன் வேரில் ஒன்றுபடுபவை. அவ்வேர் 'இரண்டு' என்னும் எண்ணுப்பெயரோடு உறவுடையது. இரண்டனுள் எது எனத் துணியாத மனநிலையே அடிப்படைப் பொருள். ஆங்கிலத்தில் இவ்விரு சொற்களும் ஐயுறுபவனுக்கும் ஐயுறப்படும் பொருளுக்கும் அடையாக வரும். ஒருவரை 'டியூபியஸ்' என்றால் அவர் தயங்குகிறார் என்றும் கொள்ளலாம்; அவரை நம்பலாகாது என்றும் கொள்ளலாம். சொல்லின் சூழலே பொருளைத் தெளிவிக்கும். ஆயினும் பொருளைச் சுட்டும்போது 'டியூபியஸ்' பழிப்புக் குறிப்பை மிகுதியும் ஏற்கிறது. 'டவுட்ஃபுல்' பெரும்பாலும் முடிவு எட்டப்படாமையை மட்டும் சொல்கிறது. இவற்றினும் வேறானது 'ஸ்பூரியஸ்'. அது போலி என்னும் தீர்ப்பு. மேலைக் கங்கர் செப்பேடுகள் பலவற்றை ஃபிளீட் அவ்வாறே ஒதுக்கினார். இம்மூன்றையும் 'ஐயத்திற்குரிய' என்னும் ஒரே தொடரில் அடக்கினால், கங்கர் ஏட்டின் மீது சாட்டப்பட்ட குற்றம் கூரம் ஏட்டின் மீதும் படியும்.

தமிழ் மரபு ஐயத்தைக் காண்பவன் பக்கமே வைத்தது. 'கொல்' என்பதைத் தொல்காப்பிய இடையியல் ஐயப் பொருளுக்குரிய இடைச்சொல்லாகக் கூறுகிறது. கிளவியாக்கமோ, உயர்திணையில் ஆணா பெண்ணா எனப் பால் துணியப்படாதவிடத்துப் பன்மையாற் கூறுக என்கிறது. இது கூர்ந்து நோக்கத்தக்கது. தொலைவில் தோன்றும் உருவத்தின் மீது குறை ஏதும் ஏற்றப்படவில்லை. காட்சி தெளியும் வரை எதற்கும் பொருந்தும் வடிவத்தை மொழி தருகிறது. களவியலில் தலைவன் கொள்ளும் ஐயமும், குறள் 1081 காட்டும் ஐயமும் அவ்வாறே. ஐயுறப்படுபவள் அதனால் உயர்கிறாளேயன்றித் தாழ்வதில்லை. நன்னூலார் வகுத்த ஐயவினாவும் வினவுவோன் நிலையையே சுட்டும்.

'சந்தேகத்திற்குரிய' என்பதன் இன்றைய நிலை வேறு. காவல்துறை வழக்கிலும் செய்தித்தாள் வழக்கிலும் பயின்று, மனிதர்க்கும் மரணத்திற்கும் அடையாகி, குற்றச்சாயல் ஏறிவிட்ட தொடர் அது. 'ஐயத்திற்குரிய' என்பது தனித்தமிழ் வடிவமே எனினும், அதன் அமைப்பு அச்சாயலையும் உடன் கொணர்கிறது. சொல்லை மாற்றியதால் மட்டும் இடர் நீங்கவில்லை.

கூரம் ஏடுகள் வித்யாவினீத பல்லவ பரமேசுவரகிருகம் என்னும் கோயிலுக்குரிய கொடையையும், அதன் மண்டபத்தில் பாரதம் வாசிப்போர்க்கு ஒதுக்கிய பங்கையும் கூறுகின்றன. பல்லவர் காலத்தில் பாரதம் வாசிக்கப்பட்டமைக்கு இது மிக முதன்மையான சான்று. 'இவ்வேட்டின் சில சொற்கள் ஐயத்திற்குரியன' என்று எழுதினால், அவை பிற்காலத்தில் செருகப்பட்டனவோ எனப் படிப்போர் எண்ணக்கூடும். 'சில எழுத்துகளின் வாசிப்பு துணியப்படவில்லை' என்றால் அதற்கு இடமில்லை. சென்னை அரசு அருங்காட்சியகத்தில் உள்ள கூரம் நடராசர் செப்புத்திருமேனிக்கும் இது பொருந்தும். கலைநடை கொண்டு மதிப்பிடப்படும் அதன் காலத்தை 'இன்னும் அறுதியிடப்படாதது' என்பதே தகும்.

எனவே வாசிப்பையோ காலத்தையோ குறிக்கும் 'டவுட்ஃபுல்' என்பதற்குத் 'துணியப்படாத' என்பதும், சான்றின் நம்பகம் குறையும்போது வரும் 'டியூபியஸ்' என்பதற்கு 'நம்பகம் குன்றிய' என்பதும், 'ஸ்பூரியஸ்' என்பதற்குப் 'போலியான' என்பதும் ஏற்புடையன. ஆய்வாளரே அடையாகுமிடத்துப் பெயரடையை விடுத்து 'ஐயுறுகிறார்' என வினையாக்குவதே தமிழ் நடை. துணியப்படாத எழுத்தைச் சதுர அடைப்புக்குள் இடும் பதிப்பு மரபு இதனை முன்பே செய்துவருகிறது. அவ்வடைப்பு பதிப்பாசிரியரின் ஐயத்தைக் குறிக்கிறதேயன்றி, ஏட்டைக் குறை கூறுவதில்லை.