உஷார்! டென்டுக்குள் கரி அடுப்பு வேண்டவே வேண்டாம்!

டிசம்பர், ஜனவரியில் ஊட்டி, கொடைக்கானல் பக்கம் டென்டில் தங்கப் போகிறீர்களா? கிளம்பும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

உறைபனிக் காலத்தில் அவலாஞ்சி, தலைகுந்தா பகுதிகளில் இரவுக் குளிர் பூஜ்ஜியம் டிகிரி வரை இறங்கும். வெளியே பார்பெக்யூ முடிந்திருக்கும். அடுப்பில் தணல் மிச்சமிருக்கும். வீணாவானேன் என்று அதை அப்படியே டென்டுக்குள் தூக்கி வைத்து, ஜிப்பை இழுத்து மூடிப் படுத்துவிடுகிறார்கள். ஆபத்தே அங்கேதான்!

புகை இல்லையே என்று ஏமாறாதீர்கள். சிவந்து கனியும் கரி கார்பன் மோனாக்சைடை விடாமல் கக்கிக்கொண்டிருக்கும். அதற்கு நிறமில்லை, வாசனையில்லை. ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுகப் பற்றிக்கொள்ளும். இருமல் வராது, மூச்சு முட்டாது. தூங்குகிறவர் தூக்கத்திலேயே போய்விடுவார்.

கேஸ் ஹீட்டரும் இதே எமன்தான். 2020 ஜனவரியில் நேபாளத்தின் டாமன் மலைக்குச் சுற்றுலா போன கேரளத்தவர் 8 பேர், மூடிய அறையில் கேஸ் ஹீட்டரை எரியவிட்டுத் தூங்கி உயிரிழந்தார்கள். அதில் 4 பேர் குழந்தைகள்.

தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல், அசதி ஆகியவை ஒரே நேரத்தில் இரண்டு மூன்று பேருக்கு வந்தால் சாப்பாட்டின் மேல் பழி போடாதீர்கள். உடனே எல்லோரையும் திறந்தவெளிக்குக் கொண்டு வாருங்கள், 108-ஐ அழையுங்கள். கரி எரிந்ததை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர் 98 காட்டினாலும் நம்பாதீர்கள். இந்த விஷவாயுவை அதனால் பிரித்தறிய முடியாது.

குளிருக்கு வழி இருக்கிறது. தரைக்குளிர்தான் உடம்புச் சூட்டை உறிஞ்சும். எனவே ஸ்லீப்பிங் பேக்குக்கு அடியில் ஃபோம் மேட் கட்டாயம். பகலில் வேர்த்த உடையை மாற்றி, உலர்ந்த தெர்மல், கம்பளிக் காலுறை, குல்லா போடுங்கள். ரப்பர் பையில் வெந்நீர் ஊற்றி, துணி சுற்றிக் காலடியில் வையுங்கள். கேம்ப் ஃபயர் வெளியிலேயே இருக்கட்டும்; படுக்கும் முன் தண்ணீர் ஊற்றி முழுதாக அணையுங்கள்.

தங்குமிடத்துக்காரர் அன்போடு கணப்புச் சட்டி கொண்டுவந்தாலும் வாசலிலேயே நிறுத்துங்கள். இன்னும் இரண்டு கம்பளி கேளுங்கள்.