புகை பால் வழியாகவும் வரும்

2022 ஏப்ரல் கடைசியில் சென்னை பெருங்குடி குப்பைக் கிடங்கு தீப்பிடித்தது. அடுத்த ஆண்டு மார்ச்சில் கொச்சியின் பிரம்மபுரம் கிடங்கு பற்றிக்கொண்டு, 12 நாள் நகரத்தைப் புகைமூட்டத்தில் வைத்தது. ஹெலிகாப்டரிலிருந்து நீர் தெளித்தும் தீ அடங்கவில்லை. இயந்திரங்களால் குப்பையைக் கிளறி, அடிவரை நனைத்த பிறகே அணைந்தது.

குப்பை மேட்டுக்குள் காற்றுப் புகாத ஆழத்தில் மக்கும் குப்பையை நுண்ணுயிர்கள் சிதைக்கின்றன. அப்போது வெளியாகும் வாயுவில் ஏறக்குறைய பாதி மீத்தேன். வெயில் காலத்தில் ஒரு பொறி போதும். மேலே சுடர் அணைந்தாலும், உள்ளே பிளாஸ்டிக்கும் துணியும் உமி மூட்டம்போலக் கனன்றுகொண்டே இருக்கும்.

கொழுந்துவிட்டு எரியும் தீயைவிட இந்தக் கனல் மோசமானது. போதிய வெப்பமும் ஆக்சிஜனும் இல்லாததால் பொருள்கள் அரைகுறையாக எரிந்து கார்பன் மோனாக்சைடு, பென்சீன், நுண்துகள்கள் என வெளியேறுகின்றன. பிஎம் 2.5 எனப்படும் துகள்கள் நுரையீரலின் அடி வரை போய், ஆஸ்துமாவைக் கிளப்பும், இதயத்தையும் பாதிக்கும். இத்துகள் ஒரு கன மீட்டர் காற்றில் ஆண்டு சராசரியாக 5 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். நம் தேசிய வரம்போ 40. ‘வரம்புக்குள்தான் இருக்கிறது’ என்று யாராவது சொன்னால், எந்த வரம்பு என்று கேட்டுக்கொள்வது நல்லது.

கிடங்கின் அருகே குடியிருப்பவர்கள் முதலில் சொல்வது நாற்றத்தைத்தான். அழுகிய முட்டை வாடை அடிக்கும் ஹைட்ரஜன் சல்பைடு தலைவலியும் குமட்டலும் தரும். ஆனால் மூக்கு நாளடைவில் பழகிவிடும். தவிர, மிகக் கொடிய நஞ்சான டையாக்சினை வாடையை வைத்துக் கண்டுபிடிக்கவே முடியாது.

குளோரின் உள்ள பொருள் குறைந்த வெப்பத்தில் எரியும்போது டையாக்சின் உருவாகிறது. செம்பு அதைத் தூண்டும். குப்பையில் கிடைத்த ஒயர்களைக் குவித்துக் கொளுத்திக் காப்பர் எடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒயரின் பிவிசி உறையில் குளோரின், உள்ளே செம்பு. டையாக்சினுக்கு வேண்டிய எல்லாம் அங்கேயே இருக்கிறது. அந்த இரண்டு கிலோ காப்பரை நம்பிப் பிழைப்பவர்தான் அந்தப் புகைக்கு மிக அருகில் நிற்பவரும்.

ஆனால் டையாக்சின் பெரும்பாலும் மூச்சு வழியாக நமக்குள் வருவதில்லை. 90 சதவீதத்துக்கு மேல் உணவு வழியாகவே வருகிறது. புகையில் வந்து புல்லில் படியும், மாடு மேயும், கொழுப்பில் சேரும், பாலில் இறங்கும். பெருங்குடி கிடங்கைச் சுற்றி வாழும் தாய்மார்களின் பாலை ஜப்பானிய, இந்திய ஆய்வாளர்கள் சோதித்து 2004இல் முடிவை வெளியிட்டார்கள். கிடங்கிலிருந்து தள்ளி வாழ்வோரைவிட இவர்களிடம் டையாக்சின் வகைச் சேர்மங்கள் கூடுதலாக இருந்தன. அங்கு மேயும் மாடுகளின் பால் ஒரு காரணமாக இருக்கலாம் என்று அவர்கள் கருதினார்கள். (இதற்காகத் தாய்ப்பாலை நிறுத்திவிடக் கூடாது, அதன் நன்மை இந்த ஆபத்தைவிடப் பெரிது.) உடலில் சேர்ந்த டையாக்சின் பாதியாகக் குறையவே 7 முதல் 11 ஆண்டுகள் ஆகும். இந்த வகையில் மிக நச்சான டிசிடிடி, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது என 1997இல் வகைப்படுத்தப்பட்டது.

அப்படியானால் எரிஉலை தீர்வாகுமா? 850 டிகிரிக்கு மேல் குறைந்தது 2 விநாடி வைத்திருந்தால் டையாக்சின் சிதையும் என்பது உண்மை. ஆனால் வாயு மெதுவாகக் குளிர்ந்தால் மறுபடி உருவாகிவிடும். நம் குப்பையில் பாதிக்குமேல் ஈரம் சொட்டும் காய்கறிக் கழிவும் சோறும். தரம் பிரிக்காமல் அதை உலைக்குள் தள்ளினால் வெப்பம் இறங்கிவிடும். இந்திய விதிப்படி ஒரு கன மீட்டர் புகையில் டையாக்சின் 0.1 நானோகிராமைத் தாண்டக் கூடாது. ஆனால் அதை அளப்பது 6 முதல் 8 மணி நேர மாதிரியை வைத்துத்தான். மற்ற நாட்களில் உலை எப்படி எரிந்தது என்பதை அந்த ஒரு சோதனை சொல்லாது. தங்கள் பகுதியில் எரிஉலை வேண்டாம் என்று வடசென்னை கொடுங்கையூர்க்காரர்கள் போராடுவதை வெறும் பீதி என்று ஒதுக்க முடியாது.

உங்கள் ஊரில் உலை வருவதாக இருந்தால், தினசரி வெப்ப அளவையும் டையாக்சின் சோதனை முடிவையும் ஆலை வாசலில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். சுற்றுவட்டார மாட்டுப்பாலையும் சோதிக்கச் சொல்லுங்கள்.